படித்துறையில் பொடிமீன் கூட்டம்: யார் சொல்லித் திரும்புகின்றன?

படிக்கட்டு | சனி, காலை 9.10

நண்பர்களுக்கு வணக்கம். அம்மாவைப் பார்க்க ஊருக்கு வந்து பத்து நாள் ஆகிறது. சேரன்மகாதேவிக்குப் பக்கம், தாமிரபரணிக் கரை. காலையில் ஆற்றுக்குக் குளிக்கப் போனால், தலை காய்ந்த பிறகும் படித்துறையிலேயே உட்கார்ந்துவிடுகிறேன். கடைசிப் படிக்குக் கீழே ஒரு பொடிமீன் கூட்டம் நிற்கிறது. அதை விட்டு எழ மனம் வரவில்லை.

முழங்கால் ஆழம்தான் தண்ணீர். மீன்கள் சுண்டுவிரல் நீளம்கூட இல்லை. முந்நூறும் இருக்கலாம், ஐந்நூறும் இருக்கலாம். எல்லாம் நீரோட்டத்துக்கு எதிர்முகமாகத் தலை வைத்து ஒரே இடத்தில் நிற்கின்றன. உற்றுப் பார்த்தால்தான் வால் ஓயாமல் அசைவது தெரியும். ஆறு பின்னால் தள்ளுகிற அளவுக்கு அவை முன்னால் நீந்திக்கொண்டே இருக்கின்றன. முதுகு மணல் நிறம் என்பதால் மேலிருந்து பார்க்கிறவன் கண்ணுக்கு மீன் சட்டென்று அகப்படாது. அடிமணலில் விழும் நிழல்தான் முதலில் தெரிகிறது, அதற்கு மேலே தேடினால் மீன்.

திடீரென்று கூட்டம் மொத்தமும் ஒருக்களிக்கிறது. அப்போது வயிற்றுப் பக்கத்து வெள்ளி, ஒரு முனையில் பளிச்சென்று தொடங்கி மறுமுனைக்கு ஓடுகிறது. ஓர் இமைப்பொழுதுகூட இருக்காது. அடுத்த கணம் எல்லாம் வேறு திசையில் தலை வைத்து, பழையபடி அசையாமல் நிற்கின்றன.

நேற்று மெதுவாக இறங்கிக் கூட்டத்துக்கு நடுவே நடந்தேன். என் காலுக்கு ஒரு முழம் முன்னாலேயே இரண்டாகப் பிரிந்து, இரு பக்கமும் வளைந்து வந்து, முதுகுப் பக்கம் மறுபடி ஒன்றாகச் சேர்ந்துவிட்டன. எந்த மீனும் மோதவில்லை. அந்த இரண்டு கிளையும் சேர்ந்த இடத்தில் ஒரு தடுமாற்றமும் இல்லை.

எனக்குத் தெரிந்துகொள்ள வேண்டியது ஒன்றுதான். எந்த மீன் முதலில் முடிவெடுக்கிறது? அதற்குத் தலைவன் உண்டா? ஐந்நூறும் ஒரே நேரத்தில் திரும்புவது எப்படி? ஆற்றோரத்தில் வளர்ந்தவர்களும் இதைப் படித்தவர்களும் சொல்லுங்கள்.

தக்கை | சனி, காலை 10.35

தம்பி, நான் திருவையாற்றுப் பக்கம். சின்ன வயசில் பள்ளிக்கூடம் விட்டால் குடமுருட்டிக் கரைதான். மூங்கில் கழி, மயில் இறகுத் தண்டில் தக்கை, கொட்டாங்கச்சியில் மண்புழு, அவ்வளவுதான் சாமான்.

தலைவன் உண்டு என்றுதான் நான் சொல்வேன். புழுவைப் போட்டவுடன் கூட்டம் முழுக்கப் பாயாது. முன்வரிசையில் வருகிற நாலைந்துதான் வந்து தொட்டுப் பார்க்கும். தக்கை லேசாக நடுங்கும். அது இழுத்த பிறகுதான் பின்னால் நிற்பவை நெருங்கும். எங்கள் ஊரில் வீச்சுவலை போடுகிற பெரியவர் ஒருவர் கூட்டத்தின் மேல் வலையை வீசவே மாட்டார். முன்னால் போகிற மீனுக்கு இரண்டு முழம் தள்ளி வீசுவார். "முன்னது எங்க போவுதோ அங்கதான்டா மத்ததும்" என்பார். அவர் வலை வெறும் வலையாகத் திரும்பி நான் பார்த்ததில்லை. முன்னால் போவது வழிகாட்டி இல்லையென்றால் அந்தக் கணக்கு எப்படிச் சரியாக வரும்?

கயல்விழி டீச்சர் | சனி, மதியம் 1.20

இருபத்திரண்டு வருஷம் கல்லூரியில் விலங்கியல் நடத்தியவள் என்பதால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் கண். இந்த மீன்களுக்குக் கண் பக்கவாட்டில் இருக்கிறது. முன்னால் போகிறதை விடப் பக்கத்தில் போகிறதுதான் நன்றாகத் தெரியும். பக்கத்து மீன் ஒருக்களித்தால் அதன் செதிலில் இருக்கும் குவானின் என்ற பொருளின் படிகங்கள் வெளிச்சத்தைத் திருப்பி அடிக்கும். நீங்கள் கரையிலிருந்து பார்த்த அந்தப் பளிச்சு, தண்ணீருக்குள் இருக்கும் மீனுக்கும் தெரிகிறது.

இரண்டாவது, பக்கக்கோடு. கெண்டையைக் கையில் எடுத்தால் செவுளிலிருந்து வால் வரை மெல்லிய புள்ளிவரிசை ஒன்று தெரியுமே, அதுதான். அந்தப் புள்ளிகள் ஒவ்வொன்றும் ஒரு துளை. உள்ளே மயிரிழை போன்ற உணர்செல்கள் தண்ணீரின் அசைவை வாங்கிக்கொள்கின்றன. பக்கத்து மீன் வாலை அடிக்கும்போது எழும் சின்ன அலையைத் தொடாமலே உணர முடிகிறது. ஒன்றிரண்டு உடல் நீளத் தூரத்துக்குத்தான் இது வேலை செய்யும், ஆனால் கூட்டத்துக்குள் அது போதும்.

1976-இல் பிட்சர், பார்ட்ரிட்ஜ், வார்டில் என்ற மூவர் ஒரு சோதனை செய்தார்கள். காட் குடும்பத்துக் கடல்மீன் ஒன்றின் கண்களை ஒளி புகாத மூடியால் மறைத்து, பார்வையுள்ள 25 மீன்கள் வட்டத் தொட்டியில் சுற்றிக்கொண்டிருந்த கூட்டத்தில் விட்டார்கள். கண் தெரியாத அந்த மீன் கூட்டத்தோடு சேர்ந்தே நீந்தியது! பக்கக்கோட்டின் நரம்பையும் துண்டித்த பிறகுதான் அதனால் சேர முடியாமல் போனது. வகுப்பில் இதைச் சொல்லும்போது ஒவ்வொரு வருஷமும் பின் பெஞ்சு வரை அமைதியாகிவிடும். எனக்கும் இன்றுவரை அந்தச் சோதனையின் மேல் ஆச்சரியம் குறையவில்லை.

தக்கை அண்ணா சொன்ன முன்வரிசை உண்மைதான். ஆனால் அது பதவி இல்லை. ஐரோப்பிய ஆறுகளில் ரோச் என்று ஒரு கெண்டை இனம் உண்டு. அதில் பட்டினி போட்ட மீன்கள்தான் கூட்டத்தின் முன்பக்கம் வந்து நிற்பதை யென்ஸ் கிராவுசே என்பவரும் கூட்டாளிகளும் 1990-களின் தொடக்கத்தில் பதிவு செய்தார்கள். முன்னால் போனால் இரை முதலில் கிடைக்கும், எதிரி வந்தால் முதலில் அகப்படுவதும் அதுவே. பசித்தது துணிகிறது. வயிறு நிறைந்தால் பின்னுக்குப் போய்விடும். உங்கள் புழுவைத் தொட்ட நாலைந்தும் அன்றைக்குப் பசியோடிருந்த நாலைந்து. மறுநாள் வேறு நாலைந்தாக இருந்திருக்கும்.

கூட்டம் திரும்பினால் நேற்று வரை பின்னால் இருந்தது முன்னால் ஆகிவிடும் என்பதையும் யோசித்துப் பாருங்கள்.

தக்கை | சனி, மதியம் 2.05

டீச்சர், பசித்தது முன்னால் வரும் என்பது எனக்குச் சரியாகப் படுகிறது. தூண்டிலில் மாட்டியவை பெரும்பாலும் ஒட்டிய வயிறாகத்தான் இருக்கும். அம்மா ஆய்ந்து தரும்போது பார்த்திருக்கிறேன். இத்தனை வருஷம் அதையும் இதையும் சேர்த்து யோசித்ததில்லை.

நிரலெழுதி | சனி, மாலை 6.40

நான் மீன் ஆள் இல்லை, மென்பொருள் வேலை. இருந்தாலும் இந்த இழையைப் படித்ததும் கை பரபரத்தது.

1987-இல் கிரெய்க் ரேனால்ட்ஸ் என்ற கணினி வரைகலைக்காரர் பறவைக் கூட்டத்தைத் திரையில் பறக்கவிட ஒரு வழி கண்டுபிடித்தார். மொத்தக் கூட்டத்துக்கும் பாதை போட்டுக் கொடுக்கவில்லை. ஒவ்வொரு பறவைக்கும் மூன்று கட்டளை மட்டும் கொடுத்தார். பக்கத்தில் இருப்பவற்றோடு இடித்துக்கொள்ளாதே. அவை போகும் திசையிலேயே போ. அவற்றின் நடுவை நோக்கி நெருங்கு. அதற்கு ஐந்து வருஷம் முன்பே, 1982-இல், ஜப்பானில் இச்சிரோ அவோகி என்பவர் மீன்களுக்காகவே இதே மாதிரி ஒன்றைச் செய்திருக்கிறார்.

இன்று மத்தியானம் நானே எழுதிப் பார்த்தேன். நூறு வரிகூடத் தாண்டவில்லை. முந்நூறு புள்ளிகளைத் தாறுமாறாகக் கொட்டினேன். பத்து விநாடிக்குள் கூடிக்கொண்டு ஒரே பக்கம் நீந்தத் தொடங்கின. நடுவில் ஒரு வட்டத்தைத் தடையாக வைத்தேன். படிக்கட்டு சொன்னது போலவே இரண்டாகப் பிரிந்து, சுற்றி வந்து, பின்னால் சேர்ந்தன. பிரிவதற்கோ சேர்வதற்கோ நான் ஒரு வரிகூட எழுதவில்லை. என் பையனைக் கூப்பிட்டுக் காட்டினேன். இருவரும் சாப்பாட்டை மறந்து பார்த்துக்கொண்டிருந்தோம்.

ஆக, தலைவன் தேவையில்லை. மூன்று விதி போதும்.

நீர்க்கோடு | சனி, இரவு 9.15

மீன் கூட்ட நடத்தையில்தான் முனைவர் பட்டத்துக்குப் படிக்கிறேன். நிரலெழுதி அண்ணன் சொன்னதில் ஓர் இடத்தில் மறுப்பு இருக்கிறது.

மூன்று விதியால் மீன் போன்ற கூட்டம் திரையில் வரும் என்பது சரி. அதனால் ஆற்று மீனும் அந்த மூன்று விதியைத்தான் பின்பற்றுகிறது என்று ஆகிவிடாது. வேறு விதிகளிலிருந்தும் அதே தோற்றம் வரலாம். எனவே மீனையே அளந்து பார்க்க வேண்டியிருந்தது. 2011-இல் இரண்டு குழுக்கள் தனித்தனியாக அதைச் செய்தன. ஒன்று கோல்டன் ஷைனர் என்ற அமெரிக்க மீனிலும், மற்றொன்று நம் ஊரிலும் கொசுப்புழு தின்னக் கொண்டுவந்து விட்ட கம்பூசியாவின் நெருங்கிய உறவிலும். மேலிருந்து படம் பிடித்து ஒவ்வொரு மீனின் வேகத்தையும் திருப்பத்தையும் கணக்கெடுத்தார்கள். "பக்கத்து மீனின் திசையைப் பார்த்து அதே திசைக்குத் திரும்பு" என்ற விதிக்கு இரண்டு குழுவுக்கும் தெளிவான சான்று கிடைக்கவில்லை. முக்கியமாகக் கண்டது வேகத்தை மாற்றுவதைத்தான். முன்னால் இருப்பது தள்ளிப் போனால் வேகம் கூட்டுகிறது, ரொம்ப நெருங்கிவிட்டால் குறைக்கிறது. இப்படியே போகும்போது திசை தானாக ஒன்றாகிவிடுகிறது.

அப்புறம் நம் பக்கத்து ஆராய்ச்சி ஒன்று. எனக்கு மிகவும் பிடித்தது. கேரளத்தில் கரிமீன் என்று வாழை இலையில் பொரித்துத் தருவார்களே, அந்த மீனின் குஞ்சுகளை வைத்து பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் விஷ்வேஷ குட்டலின் ஆய்வுக்கூடத்தில் செய்தது. 2020-இல் வெளியானது. ஒரு மீன் தன்னைச் சுற்றியிருக்கும் எல்லாவற்றையும் பார்த்துச் சராசரி எடுப்பதில்லை என்பதுதான் அவர்கள் கண்டது. ஒரு நேரத்தில் ஏதோ ஒரு மீனை மட்டும் பார்த்து அதன் திசையை எடுத்துக்கொள்கிறது. இதில் இன்னொரு விநோதம்: கூட்டம் சிறிதாக இருந்தால்தான் எல்லாம் ஒரே திசைக்கு வருவது அதிகம். பெரிய கூட்டத்தில் தற்செயலான தடுமாற்றங்கள் ஒன்றையொன்று அழித்துவிடும். சிறிய கூட்டத்தில் அதே தடுமாற்றம்தான் எல்லாவற்றையும் ஒரு பக்கமாகத் தள்ளிவிடுகிறது.

முதல் குழுக்கள் திசையைப் பார்ப்பதில்லை என்கின்றன, இது பார்க்கிறது என்கிறது. மீனுக்கு மீன் வழக்கம் வேறுபடலாம். படிக்கட்டு அண்ணன் பார்க்கும் மீன் எந்த வகை என்று தெரிந்தால்கூட, அது எந்த விதியில் ஓடுகிறது என்பதை அதே மீனை அளந்துதான் சொல்ல முடியும்.

கயல்விழி டீச்சர் | சனி, இரவு 9.50

தம்பி, அழகாக எழுதினீர்கள். நான் பாடம் எடுத்த காலத்தில் மூன்று விதியோடு நிறுத்திவிடுவேன். என் மாணவர்களில் யாராவது இதைப் படித்தால், இந்தப் பதிவையும் சேர்த்துக்கொள்ளட்டும்.

மருதநிழல் | ஞாயிறு, காலை 7.30

விதி, அளவு எல்லாம் இருக்கட்டும். ஐந்நூறு உயிர் ஒன்றையொன்று இடிக்காமல், ஒன்றை விட்டு ஒன்று பிரியாமல் வாழ்கிறது. ஒன்றுக்கொன்று காவலாக இருக்கின்றன என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. பாபநாசம் படித்துறையில் பொரி போடும்போது என் பேத்திக்கு அப்படித்தான் சொல்லிக் கொடுத்தேன்.

நீர்க்கோடு | ஞாயிறு, காலை 8.45

அம்மா, உங்கள் பேத்திக்கு நீங்கள் சொன்னதை மறுக்க வருத்தமாகத்தான் இருக்கிறது. ஆனால் 1971-இல் வில்லியம் ஹாமில்டன் என்ற உயிரியலாளர் வேறு மாதிரி யோசித்தார். ஒரு வட்டமான குளம். கரையைச் சுற்றித் தவளைகள். தண்ணீருக்குள் இருக்கும் பாம்பு தலை தூக்கி, தனக்குக் கிட்டத்தில் இருக்கும் தவளையைப் பிடிக்கும். தனியாக உட்கார்ந்திருக்கிற தவளைக்கு இரண்டு பக்கமும் நிறைய இடம், அத்தனையும் அதற்கு ஆபத்து. அது எழுந்து போய் இரண்டு தவளைகளுக்கு இடையில் புகுந்துகொண்டால் அந்த ஆபத்துப் பரப்பு சுருங்கும். எல்லாத் தவளையும் இதையே செய்தால்? சற்று நேரத்தில் ஒரே குவியல். எந்தத் தவளையும் எதையும் காக்க நினைக்கவில்லை. மற்றொன்றின் பின்னால் ஒளியத்தான் பார்த்தது.

மீன் கூட்டமும் அப்படித்தான் என்பது என் எண்ணம். ஓரத்தில் இருப்பது ஓயாமல் உள்ளே போகப் பார்க்கும்.

மருதநிழல் | ஞாயிறு, காலை 9.20

தவளைக் கதை புரிகிறது தம்பி. ஆனால் ஒளிய வந்த இடத்தில் எல்லாமே பிழைத்தால் அதற்கு என்ன பெயர்?

கயல்விழி டீச்சர் | ஞாயிறு, காலை 10.10

மருதநிழல் அம்மா கேட்டது நியாயமான கேள்வி. 1986-இல் லாண்டோ, டெர்போர்க் என்ற இருவர் செய்த சோதனையைச் சொல்கிறேன். வேட்டை மீன் ஒன்றின் தொட்டியில் வெள்ளிநிறப் பொடிமீன்களை விட்டார்கள். தனி மீனை அது நொடியில் பிடித்தது. எண்ணிக்கை கூடக் கூடத் தடுமாறியது. எட்டு மீன் சேர்ந்து நின்றபோது எதைத் துரத்துவது என்று தெரியாமல் திணறியது. பிறகு அந்த எட்டில் ஒன்றிரண்டுக்கு நீலச் சாயம் ஏற்றி விட்டார்கள். அவ்வளவுதான், கண்ணுக்கு ஒரு குறி கிடைத்துவிட்டது. நீலத்தை மட்டுமல்ல, வெள்ளியையும் சேர்த்தே பிடிக்க முடிந்தது.

ஒன்றுபோலத் தெரிவதே கவசம். வந்தது ஒளியத்தான் என்றாலும் காப்பு எல்லாவற்றுக்கும் கிடைக்கிறது. இதற்குச் சுயநலம் என்ற பெயர் போதாது என்றே எனக்கும் படுகிறது. நீர்க்கோடு ஒத்துக்கொள்ள மாட்டார், பரவாயில்லை.

இன்னொரு செய்தி. தாமிரபரணியின் பெயரையே தாங்கிய கெண்டை ஒன்று அறிவியலில் உண்டு. சைலஸ் என்ற மீனியலாளர் 1954-இல் அதை விவரித்து, ஆற்றின் பெயரை வைத்தார். வளர்ந்த ஆணுக்கு முதுகுத் துடுப்பிலிருந்து இழை இழையாக நீண்டு வரும். 2012-இல் இலங்கை ஆய்வாளர்கள் அதை 'டாகின்சியா' என்ற புதிய பேரினத்தில் வைத்தார்கள். சுயநல மரபணு பற்றி எழுதிய ரிச்சர்ட் டாகின்ஸின் பெயரால் அமைந்த பேரினம் அது.

கண்மாய்க்கரை | ஞாயிறு, மதியம் 12.30

சிவகங்கைப் பக்கத்திலிருந்து எழுதுகிறேன். எங்களுக்கு ஆறு என்றால் மழைக்காலத்து வைகைதான், மற்றபடி கண்மாய். அங்கே விரால் குஞ்சுகளைப் பார்த்திருக்கிறீர்களா? செங்காவி நிறத்தில், தண்ணீருக்கு மேலே மிளகாய்ப்பொடி தூவியது போல ஒரு வட்டம். மூச்சுக்காக மேலே வருவதும் உள்ளே போவதுமாகக் கொதிக்கும். அடியில் தாய் தகப்பன் காவல் நிற்கும். எங்கள் அப்பத்தா அந்தக் கூட்டத்தைக் கண்டால் எங்களைத் தண்ணீரில் இறங்கவே விடாது. "ஆத்தாக்காரி கீழ நிக்கா, கடிச்சிருவா" என்று சத்தம் போடும்.

அந்தக் கூட்டத்துக்குக் காவல் உண்டு. படிக்கட்டு பார்ப்பதற்கு அது இல்லை. இரண்டையும் ஒன்றாக எண்ணிவிடக் கூடாது என்பதற்காகச் சொன்னேன்.

தக்கை | ஞாயிறு, மாலை 4.15

ஒரு சந்தேகம். தூண்டிலில் மாட்டிய மீன் கிழிபட்டுத் தப்பித்து விழுந்தால், அந்த இடத்தில் ரொம்ப நேரம் வேறு மீன் கடிக்காது. நாங்கள் இடத்தை மாற்றிவிடுவோம். அது போய்ச் "சொல்லிவிட்டது" என்பது எங்கள் பேச்சு.

நீர்க்கோடு | ஞாயிறு, மாலை 5.00

சொல்லத்தான் செய்கிறது அண்ணா. தேனீயின் நடனத்தைப் படித்து 1973-இல் நோபல் பரிசு பெற்ற கார்ல் வான் ஃபிரிஷ், 1938-இல் இதை எழுதினார். மினோ என்ற பொடிமீனின் தோல் கிழிந்ததும் அதிலிருந்து ஒரு பொருள் தண்ணீரில் கலந்தது, கூட்டாளி மீன்கள் மிரண்டு ஓடின. மீன் வகைப்பாட்டில் கெண்டையும் அயிரையும் அந்த மினோவோடு ஒரே வரிசையில் வருபவை. அவற்றின் தோலிலும் இந்த எச்சரிக்கைப் பொருள் உண்டு. தோல் முழுசாக இருக்கும்வரை அது வெளியே வராது. நீங்கள் இடம் மாற்றியது சரியான முடிவு.

கண்மாய்க்கரை | ஞாயிறு, மாலை 5.40

வான் ஃபிரிஷ் மீனாவது ஓடித் தப்பித்தது. இரண்டு வருஷம் முன்னால் எங்கள் பக்கம் தேங்கிய ஆற்றுத் தண்ணீரில் யாரோ பிளீச்சிங் பவுடரைக் கொட்டி மீன் பிடித்தார்கள். பெரிய மீனை அள்ளிக்கொண்டு போய்விட்டார்கள். கெண்டைக் குஞ்சுகள் கரையோரம் ஒதுங்கிக் கிடந்தன. ஒரு பக்கமாகச் சாய்ந்து, வெள்ளை வயிறு தெரிய, அத்தனையும். அவற்றுக்கு எந்தப் பக்கம் திரும்பினாலும் அதே தண்ணீர்தானே. படிக்கட்டு, உங்கள் படித்துறையில் அந்தக் கூட்டம் இன்னும் நிற்கிறது என்பதைப் படித்தபோது எனக்கு அதுதான் நினைவு வந்தது. யாராவது அப்படி ஏதாவது கொண்டுவந்தால் தயவுசெய்து தடுங்கள்.

படிக்கட்டு | திங்கள், காலை 8.50

எல்லாருக்கும் நன்றி. கண்மாய்க்கரை, நீங்கள் எழுதியதை எங்கள் தெருவில் மூன்று பேருக்குப் படித்துக் காட்டினேன். படித்துறைக்கு நேர் எதிர் வீட்டுக்காரர் பார்த்துக்கொள்கிறேன் என்றிருக்கிறார்.

நீங்கள் சொன்னதையெல்லாம் வைத்துக்கொண்டு இரண்டு வேளை உட்கார்ந்து பார்த்தேன். நேற்று சாயங்காலம் ஐந்தரைக்குப் போனேன். கருப்பு வெள்ளை மீன்கொத்தி ஒன்று தண்ணீருக்கு மேலே சிறகடித்தபடி ஒரே இடத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தது. கீழே கூட்டம் கெட்டியாகச் சுருங்கிவிட்டது. அது விழுந்தபோது கூட்டம் பூ விரிவது போலத் திறந்து மூடியது. வெறும் வாயோடு எழுந்தது. இரண்டாம் முறையும் அப்படியே. மூன்றாம் முறை, கூட்டத்துக்கு ஓரமாக ஒரு சாண் விலகிப் பாசியைக் கொத்திக்கொண்டிருந்த ஒன்றைத் தூக்கிக்கொண்டு போனது.

பொழுது சாயச் சாயக் கூட்டம் தளர்ந்தது. மீனுக்கும் மீனுக்கும் இடையில் முதலில் விரற்கடை, அப்புறம் ஒரு சாண். முகம் தெரியாத இருட்டு வந்ததும் டார்ச் அடித்தேன். கல் இடுக்கில் ஒன்று, படி ஓரத்தில் இரண்டு, ஒவ்வொன்றும் ஒவ்வொரு பக்கம் பார்த்து நின்றன. கூட்டம் என்று ஒன்று இல்லை. பக்கக்கோடு இருட்டிலும் வேலை செய்யும்தானே? அப்படியிருந்தும் கண் போனதும் பிரிந்துவிடுகின்றன என்றால், இந்த மீன்களுக்குக் கண்தான் பெரிது போல. நீர்க்கோடு இதற்குப் பதில் சொல்ல வேண்டும்.

இன்று விடியுமுன்னே, ஐந்தே முக்காலுக்குப் போய்விட்டேன். தண்ணீர் சாம்பல் நிறம், நிழல் இல்லை. முதலில் இரண்டு மீன் தெரிந்தன. ஒன்று நகர்ந்தால் மற்றொன்று தொடர்ந்தது, சிறிது நேரத்தில் அது முன்னால், இது பின்னால். கல் இடுக்கிலிருந்து மூன்றாவது வந்தது. அது எதைப் பார்த்துத் திரும்புகிறது என்று கண்கொட்டாமல் கவனித்தேன். பக்கத்தில் இருந்த ஒன்றைத்தான், ஒரே ஒன்றை. பிறகு ஏழெட்டு, பிறகு என் கண்ணால் தொடர முடியவில்லை. அக்கரைத் தென்னைக்கு மேலே வெயில் ஏறி முதல் கீற்று தண்ணீரில் விழுந்தபோது எல்லாம் எதிர்முகமாகத் தலை வைத்து நின்றிருந்தன. மணி ஆறு இருபது. மேல்முனையில் ஒன்று ஒருக்களித்தது. வெள்ளி கீழ்முனை வரை ஓடியது.

நாளை மத்தியானம் ரயில். காலையில் இன்னொரு தடவை போவேன்.